கோழிக்கழிச்சல் வைரஸ் புற்றுநோய்ச் செல்லைக் கொல்வது எப்படி?

விழுப்புரம், திண்டிவனம் வட்டார ஊர்களில் பிப்ரவரி வந்தால் கால்நடை பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தும். ஊசி போடாமல் விட்ட கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் கண்டால் பிழைப்பது அரிது. இராணிக்கெட் நோய் என்றும் நியூகாசில் நோய் என்றும் சொல்லப்படுவது இதுதான்.

கோழிக்கு எமனான இந்த வைரஸ் மனிதருக்குப் பெரும்பாலும் லேசான கண் அழற்சியோடு சரி. ஆனால், ஆய்வகத்தில் மனிதப் புற்றுநோய்ச் செல்களை இது கொன்றுவிடுகிறது.

எப்படி? நல்ல செல்லுக்குள் வைரஸ் நுழைந்தால் இன்டர்ஃபெரான் என்ற புரதம் சுரந்து, வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். பல புற்றுநோய்ச் செல்களில் இந்தத் தடுப்பு பழுதாகிக் கிடக்கிறது. வைரஸ் தடையின்றிப் பெருகுகிறது.

அடுத்த கட்டத்தை 2006இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இளங்குமரன், சிபா சாமல் குழுவினர் விளக்கினர். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் எப்போதும் ஒரு மின்னழுத்தம் இருக்கும். வைரஸ் தொற்றியதும் அது குலைகிறது. உள்ளே எலக்ட்ரான்களைக் கடத்திக்கொண்டிருந்த சைட்டோகுரோம்-சி புரதம் வெளியே கசிகிறது. அது காஸ்பேஸ்-9 என்ற நொதியைத் தூண்ட, அந்த நொதி காஸ்பேஸ்-3ஐத் தூண்ட, செல்லின் புரதங்கள் துண்டாடப்பட்டுச் செல் மடிகிறது. செல்லின் வெளிப்புற ஏற்பிகள் வழியாக வரும் மரணக் கட்டளைக்குக் காஸ்பேஸ்-8 தேவை. அது செயல்படாத நரம்புப் புற்றுநோய்ச் செல்களும் இந்த வைரஸுக்குத் தப்பவில்லை. மைட்டோகாண்ட்ரியாதான் முதன்மைப் பாதை என்பதற்கு இது வலுவான சான்று.

இங்கே ஒரு சிக்கல். செல் சீக்கிரம் செத்தால் வைரஸ் பெருக நேரம் கிடைக்காது. நுரையீரல் புற்றுநோய்ச் செல்களில் சீன ஆய்வாளர்கள் 2014இல் கண்டது இதற்கு விடை: சேதமான மைட்டோகாண்ட்ரியாக்களைச் செல்லே செரித்துவிடும்படி வைரஸ் செய்கிறது. சைட்டோகுரோம்-சி கசிவு குறைகிறது, சாவு தள்ளிப்போகிறது, அதற்குள் வைரஸ் பல்கிப் பெருகுகிறது.

இந்தியாவிலும் இந்த ஆய்வு நடக்கிறது. கோழித் தடுப்பூசியாகப் பயன்படும் ஆர்2பி வகை வைரஸை, இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தினர் எலியின் மார்பகப் புற்றுநோய்ச் செல்களிலும் தோல் புற்றுநோய்ச் செல்களிலும் சோதித்துள்ளனர்.

புற்றுநோயை வைரஸ் கொண்டு தாக்குவது வெறும் கனவல்ல. தோலில் வரும் மெலனோமாவுக்காக மாற்றியமைத்த ஹெர்பிஸ் வைரஸுக்கு அமெரிக்கா 2015இல் அனுமதி தந்தது. அதைக் கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்துகிறார்கள். கோழிக்கழிச்சல் வைரஸோ இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. கோழி ஊசி புற்றுநோயைத் தீர்க்கும் என்று யார் சொன்னாலும் நம்பி உடம்பில் போட்டுக்கொள்ளக் கூடாது. கட்டி தென்பட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ தாமதிக்காமல் செல்ல வேண்டும்.