மே மாதத்துப் பிறந்தநாள்

உட்காருங்கள், டீ சொல்லியாயிற்று. அவசரமில்லாமல் பேச வேண்டிய விஷயம் இது.

திருவனந்தபுரத்து வலியசாலையிலும் கரமனையிலும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிய வீடுகள் நிறைய. கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் நெருங்கும்போது, குடியுரிமைக்கான என்-400 மனுவை நிரப்ப உட்காருவார்கள். அப்போதுதான் கார்டில் பெயர் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் இருப்பது கண்ணில் படும். உடனே இங்கே போன் வரும்: "அப்பா, என் பர்த் சர்டிபிகேட் எங்கே இருக்கு?"

பதறுவதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். அந்தப் பிழை யார் கையால் நேர்ந்தது? பாஸ்போர்ட்டும் விசாவும் சரியாக இருந்து கார்டு மட்டும் தப்பாக அச்சாகியிருந்தால், அது அமெரிக்கக் குடியேற்றத் துறையின் பிழை. ஐ-90 படிவத்தோடு அந்தக் கார்டையும் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பினால் போதும். அவர்கள் தவறுக்கு நம்மிடம் கட்டணம் வாங்குவதில்லை. பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கார்டை உள்ளே வைத்துவிடாதீர்கள். நிரந்தரவாசி ஆன தேதி என்று ஒன்று அதில் இருக்கும். ஐந்து வருஷக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. ஐந்து வருஷம் முடிய 90 நாள் இருக்கும்போதே மனுப் போடலாம் என்பதால், பலர் அந்தத் தேதியை வைத்துத்தான் நாள் எண்ணுகிறார்கள். தேதி தப்பென்றால் மனு முன்கூட்டியே போய்ச் சேர்ந்து நிராகரிக்கப்படலாம்.

இனிப் பெயர். நம் பக்கத்தில் அப்பா பெயர் இனிஷியலாக நிற்கும், கேரளத்தில் வீட்டுப் பெயரும் சேரும். முருகன் என்ற ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தவருக்கு அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். முதற்பெயர்க் கட்டத்தில் 'எஃப்என்யு', அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று விழும். அதுவே கார்டிலும் சம்பளச் சீட்டிலும் தொடரும். வளைகுடா போகிறவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிக்க மாட்டோம் என்றது. பின்பு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது.

ஆனாலும் பெயருக்காகக் குடியுரிமை மனுவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து. இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும் அந்த மனுவே கேட்கிறது. ஒன்றுவிடாமல் எழுதுங்கள். புதுப் பெயர் வேண்டுமென்றும் அதிலேயே கேட்கலாம். நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுப்பவர்களுக்கு நீதிபதியே பெயரை மாற்றிக் கொடுப்பார். உங்கள் ஊரில் அந்த வசதி உண்டா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது பிறந்த தேதி. கேரளத்தில் ஒவ்வொரு மே 31 அன்றும் ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் ஒரே நாளில் ஓய்வு பெறுவதைப் பார்த்திருப்பீர்கள். இத்தனை பேருமா மே மாதத்தில் பிறந்தார்கள்? ஜூனில் பள்ளி திறக்கும்போது வயது நிறைய வேண்டுமே என்று சேர்க்கையின்போது மே மாதத் தேதியைக் கொடுத்ததன் விளைவு அது. அந்தத் தேதி எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் ஏறி, அங்கிருந்து பாஸ்போர்ட்டுக்கும் போனது. நகராட்சிப் பதிவேட்டில் வேறு தேதி உறங்கிக்கொண்டிருக்கும்.

பெற்றோரைப் பிள்ளைகள் அழைத்துக்கொள்ளும் காலம் இது. அந்தத் தலைமுறைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத்து ஜாதகத்திலும் பழைய காகிதங்களிலும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். சிங்ஙம் பிறந்தால் புது வருஷம். அதனால் 1132 சிங்ஙம் என்பது 1956 ஆகஸ்ட். அதே 1132 மேடம் என்பது 1957 ஏப்ரல். மாதத்தைப் பார்த்து 824-ஐயோ 825-ஐயோ கூட்ட வேண்டும். மாற்றிக் கூட்டியவர்களுக்கு ஒரு வருஷமே பிசகிவிடும்.

பிறந்த தேதிச் சிக்கலை ஏன் குடியுரிமை உறுதிமொழிக்கு முன்பே தீர்க்க வேண்டும்? அமெரிக்க விதி தெளிவாக இருக்கிறது. குடியுரிமைச் சான்றிதழில் அலுவலகம் செய்த எழுத்துப் பிழையை என்-565 படிவம் கொடுத்துத் திருத்தலாம். மனுவில் நீங்களே எழுதிக் கொடுத்த பெயரோ தேதியோ தவறு என்று பிறகு சொன்னால், அதற்காகச் சான்றிதழைத் திருத்த மாட்டார்கள். நேர்காணலில் 'உண்மையான பிறந்தநாள் வேறு' என்று வாயால் சொன்னாலும் காரியம் ஆகாது, காகிதம் வேண்டும்.

அந்தக் காகித வேலை இங்கே, அடியிலிருந்து தொடங்க வேண்டும். மாநகராட்சியின் பிறப்புப் பதிவை 1969-ஆம் வருஷப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி பதிவாளர் திருத்தலாம். பழைய பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தத்தை எழுதிக் கையெழுத்திடுவார். 2024 ஜனவரி முதல் நகரங்களில் இதற்கு கே-ஸ்மார்ட் என்ற இணைய வசதி வழியாக விண்ணப்பிக்கலாம். எஸ்எஸ்எல்சி புத்தகத்தைத் திருத்த, பூஜப்புரையில் உள்ள தேர்வு அலுவலகமான பரீட்சா பவனுக்குப் போக வேண்டும். இந்த இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் பாஸ்போர்ட். பிள்ளை அமெரிக்காவில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாக அதை மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்க உறுதிமொழி எடுத்துவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அதில் எதையும் திருத்த முடியாது. பிற்பாடு வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியர்களுக்கான ஓசிஐ அட்டைக்குப் போகும்போது பழைய பாஸ்போர்ட்டும் புதிய பாஸ்போர்ட்டும் ஒரே ஆளைச் சொல்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். விசா வாங்கும்போது கல்யாணம் ஆனதை மறைத்தது, ஒரு குழந்தையின் பெயரை விட்டது, இதெல்லாம் எழுத்துப் பிழை அல்ல. நிரந்தரவாசியின் மணமாகாத மகன் என்ற பிரிவில் போனவர் அதற்கு முன்பே மணமானவர் என்றால், அவருடைய கிரீன் கார்டுக்கே அடிப்படை இல்லை. குடியுரிமை மனு அந்தப் பழைய கோப்பை முழுதாகத் திறக்க வைக்கும். பொய் பின்னால் தெரிந்தால் கொடுத்த குடியுரிமையையே பறிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இப்படி ஏதும் இருந்தால் மனுப் போடும் முன் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதையோ நான் சொல்வதையோ நம்பி இறங்காதீர்கள்.

இங்கே இருக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பழைய எஸ்எஸ்எல்சி புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டு, காலாவதியான பாஸ்போர்ட், எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். இன்றைக்கே எடுத்து, எல்லாவற்றிலும் தேதி ஒன்றுதானா என்று பார்த்து, இல்லையென்றால் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.