சுருதி சொல்லாத கடை: இசைக்கருவி வாங்குவோரின் உரிமைகளும் அவற்றின் எல்லையும்

இசைக்கருவி பட்டறையிலேயே முற்றுப்பெற்றுவிடுவதில்லை. வாசிப்பவரின் சுருதிக்கும் கைக்கும் மூச்சுக்கும் ஏற்ப அதைத் தெரிந்தெடுத்து, சோதித்துக் கையளிக்கும் வேலை விற்குமிடத்தில்தான் நடந்தாக வேண்டும் என்பதால், கடைக்காரரின் அறிவும் கருவியின் ஒரு பகுதியே ஆகிறது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களிலிருந்து மதுரைக் கடைவீதிகளுக்கு வரும் நாகசுர, தவில், பறைக் கலைஞர்களும், பசுமலையிலுள்ள தமிழ்நாடு அரசு இசைக்கல்லூரி போன்ற இடங்களில் பயில்வோரும் இந்த அறிவுக்கும் சேர்த்தே விலை கொடுத்துவந்தனர். இன்று தோல்கருவியின் தோல் முகமான மூட்டை மாற்றவும் சுருதி கூட்டவும் தெரிந்தவர் கல்லாவில் இருப்பது அரிதாகி, அட்டைப்பெட்டியில் வந்திறங்கும் கித்தாரையும் கீபோர்டையும் விலைச்சீட்டைப் பார்த்து எடுத்துத்தரும் பணியாளரே பெரும்பாலும் எதிர்ப்படுகிறார். இணைய விலையோடு போட்டியிடும் கடை, தனியே விலை போட முடியாத ஆலோசனையைத்தான் முதலில் கைவிடுகிறது. குறைந்த சம்பளத்தில் அடிக்கடி மாறும் பணியாளரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

இந்த இழப்பால் வாங்குபவருக்கு நேரும் சேதம், உடைந்த பொருளால் நேரும் சேதத்தைப் போல உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. மிருதங்கத்தை எடுத்துக்கொண்டால், ஆண் குரலுக்குப் பெரும்பாலும் பொருந்தும் ஒரு கட்டைச் சுருதிக்கு நீளம் கூடிய தக்கு மிருதங்கமும், பெண் குரலுக்கு வழக்கமான ஐந்து கட்டைச் சுருதிக்கு நீளம் குறைந்த எச்சு மிருதங்கமும் வேண்டும். இதைக் கேட்காமல் விற்கப்பட்ட கருவியை மாணவர் வேண்டிய சுருதிக்கு ஏற்ற முயன்று வாரை இறுக்கிக்கொண்டே போனால், குறையற்ற மூட்டும் கிழிந்துவிடும். கடத்தில் அந்த முயற்சிக்கே இடமில்லை. மதுரையை அடுத்த மானாமதுரையில் உருவாகும் கனத்த கடம், சூளையிலிருந்து வெளிவரும்போது பெற்ற சுருதியோடேயே பெரும்பாலும் இருந்துவிடுவதால், தவறான தேர்வுக்கு மாற்று, வேறொரு கடம் மட்டுமே. நாகசுரத்தில் குட்டையான திமிரிக்கும் நீண்ட பாரிக்கும் உள்ள வேறுபாட்டையும், வாயில் வைத்து ஊதும் சீவாளி ஊதுபவரின் மூச்சுக்கு இணங்க வேண்டும் என்பதையும் சொல்லத் தெரியாதவர், 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரத்தின் பெயரை மட்டும் விலைக்குப் பயன்படுத்த முடிகிறது. வீணையில் ஏமாற்றம் இன்னும் பெரிது: ஒரே பலாமரத் துண்டில் குடைந்த ஏகாண்ட வீணைக்கும், குடமும் தண்டியும் தனித்தனியே செய்து இணைத்த ஒட்டு வீணைக்கும் விலையில் பெருத்த இடைவெளி இருக்க, இணைப்பை மெருகு மறைத்துவிடுகிறது. 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பதால், மதுரை வெயிலில் மூடிய வண்டிக்குள் வீணையை விட்டுவைத்தால் மெழுகு இளகும் என்ற எச்சரிக்கையையும் யாரேனும் சொல்லியாக வேண்டும்.

2020 ஜூலை 20 முதல் நடைமுறையிலுள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, இந்நிலையில் எவ்வளவு தூரம் துணைநிற்கும் என்பது, அச்சட்டம் ‘குறைபாடு’ என்பதற்குத் தரும் பொருளைப் பொறுத்தது. தரத்திலும் அளவிலும் உள்ள பழுதுடன், வணிகர் எந்த வகையிலாவது கூறிய தன்மை பொருளில் இல்லாமற்போவதையும் சட்டம் குறைபாடாகக் கொள்கிறது. ஆகவே, ‘இது ஏகாண்டம்’, ‘இது ஐந்து கட்டைக்கு நிற்கும்’ என்று கடைக்காரர் வாயால் சொன்னதும் சட்டத்தின் முன் செல்லும். ஆனால் சொன்னார் என்பதை மெய்ப்பிக்கும் சுமை வாங்கியவர் மேலேயே விழுகிறது. எதையும் சொல்லாமல் விற்ற கடைக்காரரோ எளிதில் தப்பிவிடுகிறார், ஏனெனில் பழுதில்லாத, ஆனால் பொருந்தாத கருவியைக் குறைபாடுள்ள பொருளாகக் காட்டுவது கடினம். அறியாமை பொய்யைவிடப் பாதுகாப்பானதாகிவிடும் இந்த விந்தைக்கு வாங்குபவர் கையிலுள்ள ஒரே மாற்று, கருவியின் வகை, சுருதி, மரம், செய்த ஊர் ஆகியவற்றைக் கேட்டு, அவற்றைப் பில்லிலேயே எழுதி வாங்குவது.

பில் கேட்டால், ‘இதற்கு வரி கிடையாது, பில்லும் கிடையாது’ என்ற பதில் வரக்கூடும். பட்டியலிடப்பட்ட, கையால் செய்த நம் நாட்டு இசைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பது உண்மையே. எனினும் பில் தராதிருப்பதை நுகர்வோர் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே கருதுகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்னும் அச்சிட்ட வாசகமும் குறைபாடுள்ள பொருளுக்குக் கேடயமாகாது. பில்லில் காலவரம்பு குறிப்பிடப்படாதபோது, 30 நாட்களுக்குள் கேட்டும் அதைத் திரும்பப் பெற மறுப்பது அதே வகைத் தவறாகும். இணையத்தில் வாங்கியவருக்கு ஒரு வசதி உண்டு: விளம்பரத்தில் எழுதிய தன்மை பொருளில் இல்லையெனில் விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன, பேசத் தெரியாத திரை எழுதியாவது வைக்கிறது.

வாசிப்பைத் தொழிலாகக் கொண்டோர், தாம் நுகர்வோர் அல்லர் என்று எண்ணி ஒதுங்க வேண்டியதில்லை. வணிக நோக்கில் வாங்குவோரைச் சட்டம் விலக்கினாலும், சுயதொழிலால் பிழைப்பதற்கென்றே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருளை அந்த விலக்கில் சேர்ப்பதில்லை; கோயில் விழாக்களையும் திருமணங்களையும் நம்பி வாழும் தவில் கலைஞர் இப்பாதுகாப்புக்கு முழு உரிமையுடையவர்.

அறியாத கடையால் வரும் மற்றோர் ஆபத்து, வாங்கியவரையே குற்றவாளியாக்கக் கூடியது. கஞ்சிராவுக்கு உடும்புத்தோல் போர்த்துவது பழைய வழக்கம். உடும்போ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையிலுள்ள உயிரினம், அதன் தோலை விற்பதும் வாங்குவதும் 3 முதல் 7 ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆட்டுத்தோல், செயற்கைத்தோல் கஞ்சிராக்கள் கிடைக்கும்போது, ‘பழைய நாதம்’ என்று பெருமை பேசி விற்கப்படுவதைத் தொடாதிருப்பதே நலம்.

கடையில் தீர்வு கிட்டாதபோது, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதற்கும் பயனில்லையெனில், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கடை வேறூரில் இருந்தாலும் புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம் என்பதும், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமில்லை என்பதும், வழக்கறிஞர் இல்லாமலேயே வாதிடலாம் என்பதும் சிற்றூர்க் கலைஞருக்குப் பெரிதும் உதவுபவை. ஆணையத்தின் தீர்ப்பை எதிர்த்து 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மதுரையிலேயே கிளை உண்டு. சோதனையின்றிக் குறையைத் தீர்மானிக்க முடியாதபோது ஆணையம் பொருளைத் தகுந்த ஆய்வுக்கு அனுப்பலாம் என்பதால், புகார் முடியும்வரை கருவியை வேறு பட்டறையில் பிரிக்க விடக் கூடாது. மூட்டை மாற்றியபின், அல்லது மெட்டுகளைப் பெயர்த்துப் பதித்தபின், கடைக்காரர் விற்ற கருவி எது என்பதே சர்ச்சைக்குரியதாகிவிடும்.