கண்ணை ஏமாற்றும் கடல்... கண்ணே ஏமாற்றினால்?

தூத்துக்குடிக் கடலில் சங்கு எடுக்க முதல்முறையாக இறங்கும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முங்குகிறான். ‘அடேயப்பா, எத்தாந்தண்டி சங்கு!’ என்று கையை நீட்டுகிறான். எட்டவில்லை! இன்னும் கொஞ்சம் எட்டி எடுத்து, மேலே வந்து பார்த்தால்... சின்னச் சங்கு!

பையன் கண்ணில் கோளாறா? இல்லவே இல்லை. தண்ணீரிலிருந்து முகக் கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுக்கு வரும்போது ஒளி வளைகிறது. அதனால் 4 அடி தள்ளிக் கிடக்கும் சங்கு 3 அடியில் கிடப்பதுபோலத் தோன்றும். 6 அங்குலச் சங்கு 8 அங்குலமாகத் தெரியும். பழகப் பழக மூளை இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளும். கை சரியான இடத்துக்குப் போய்விடும்.

கண்ணாடி இல்லாமல் முங்கினால்? எல்லாமே மங்கல்தான். ஒளியைக் குவிக்கும் வேலையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது, கண்ணின் முன்னால் உள்ள ‘கார்னியா’ படலம். தண்ணீர் பட்டதும் அந்தச் சக்தி அநேகமாகப் போய்விடுகிறது. அந்தக் காலத்து முத்துக்குளிப்பவர்கள் அந்த மங்கலில்தான் சிப்பி பொறுக்கினார்கள். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல்.

கடலுக்கு வெளியேயும் ஏமாற்று உண்டு. பௌர்ணமியன்று கடலுக்கு மேலே எழும் நிலா எவ்வளவு பெரிசு! கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, சுண்டுவிரல் நகத்தால் அதை மறைத்துப் பாருங்கள். நடுவானுக்கு வந்த பிறகும் மறையுங்கள். அதே நகம் போதும்! நிலா சுருங்கவில்லை, மூளைதான் கணக்கை மாற்றிப் போட்டது.

இந்தப் பலவீனத்தைக் காசாக்கியதுதான் ‘3டி’ சினிமா. 1984-ல் வந்த மலையாளப் படம் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ இந்தியாவின் முதல் 3டி படம். இடக் கண்ணுக்கு ஒரு படம், வலக் கண்ணுக்குச் சற்றே மாறுபட்ட இன்னொரு படம். மூளை இரண்டையும் சேர்த்து, ‘ஐஸ்கிரீம் மூக்குக்கு நேரா வருது’ என்று நம்பிவிடுகிறது.

இங்கேதான் பெற்றோர் கவனிக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் கையை நீட்டிப் பிடிக்கப் பார்க்க, உங்கள் பிள்ளை மட்டும் “ஒண்ணும் வரலியேம்மா” என்கிறதா? ஒரு கண் ‘சோம்பேறிக் கண்’ணாக இருக்கலாம். ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை ஆரம்பித்தால் நல்ல பலன் கிடைக்கும். கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு சோதனை. படிக்கிற கண்ணாடி போட்டிருந்தால் அதோடு, ஒரு கண்ணைக் கையால் மூடி, கட்டம் போட்ட நோட்டுத் தாளைப் பாருங்கள். பிறகு அடுத்த கண். நேர்கோடு நெளிகிறதா? நடுவில் கறுப்பாக மறைக்கிறதா? விழித்திரையின் மையப் பகுதி கெட்டிருக்கலாம். வயதானவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதை அசட்டை செய்யக் கூடாது. விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, கண் வலியும் சிவப்பும் வந்தாலோ, திடீரென்று மின்னல் வெட்டி, பூச்சி பறந்து, திரை விழுந்தது போலிருந்தாலோ... அன்றைக்கே ஆஸ்பத்திரி!

சுருக்கமாகச் சொன்னால், எல்லோருக்கும் அப்படித் தெரிந்தால் அது வேடிக்கை. உங்களுக்கு மட்டும் தெரிந்தால் அது எச்சரிக்கை!