உளவியல் பட்டம் முடிந்தது, மட்டக்களப்பில் அடுத்து என்ன?

உளவியல் படித்துவிட்டு வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் ஊரவர் இரண்டு கேள்வி கேட்பார்கள். "அப்ப நீங்க விசருக்கு மருந்து குடுக்கிற டொக்டரோ?" என்பது ஒன்று. "அரசாங்க வேலை கிடைக்குமோ?" என்பது மற்றது. முதல் கேள்விக்கு இல்லை என்று உடனே சொல்லிவிடலாம். மருந்து எழுதுபவர் உளநல மருத்துவ நிபுணர். அவர் மருத்துவம் படித்து, அதன்மேல் உளநோய் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். இரண்டாவது கேள்விக்கான பதில் கொஞ்சம் நீளமானது.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். பட்டம் வாங்கியவுடன் உங்களை உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டு சிகிச்சை தொடங்கலாமா? கூடாது. மூன்று நான்கு ஆண்டுப் பட்டம் மனித மனத்தைப் பற்றிய அறிவைத் தருகிறது. துன்பத்தில் இருப்பவரைக் கையாளும் பயிற்சியை அது முழுமையாகத் தருவதில்லை. அந்தப் பயிற்சி வேறாகப் பெறவேண்டியது.

அரச வைத்தியசாலையில் மருத்துவ உளவியலாளராக (மனச்சிக்கலை மதிப்பிட்டு, மருந்து இல்லாமல் பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை செய்பவர்) வேலை செய்ய விரும்புகிறீர்களா? கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் எம்.ஃபில். படிப்புத்தான் நெடுங்காலமாக அதற்குப் பிரதான வழி. அதன்பின் இலங்கை மருத்துவச் சபையில் பதிய வேண்டும். இடங்கள் குறைவு, படிப்பு ஆங்கிலத்தில், வைத்தியசாலையில் மேற்பார்வையின் கீழ் பயிற்சியும் உண்டு. பொதுப் பட்டத்தோடு நின்றவருக்கு இந்த வழி கடினம். ஆகவே இதுதான் உங்கள் ஆசை என்றால், பல்கலைக்கழகத்தில் இருக்கும்போதே உளவியலில் சிறப்புப் பட்டத்துக்கும் நல்ல வகுப்புச் சித்திக்கும் குறிவையுங்கள். ஆங்கிலத்தையும் அப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் வேலை செய்யக்கூடிய மருத்துவ உளவியலாளர் நாட்டில் மிகச் சிலரே. மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் இருந்து இன்னும் பலர் இந்த வழியில் போகவேண்டும் என்பது என் ஆசை. ஆனால் எல்லோருக்கும் இது கிடைக்காது. கிடைக்காதவர் தோற்றுப்போனவரும் அல்ல.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? இந்த மாவட்டத்தில் உளநல வேலை எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 1978 நவம்பரில் சூறாவளி. பிறகு கால் நூற்றாண்டுப் போர். 2004 டிசம்பர் 26 இல் சுனாமியில் கல்லடியையும் நாவலடியையும் கடல் எடுத்தது. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு. இவ்வளவுக்கும் நடுவில், கிழக்கு மாகாணம் முழுவதற்கும் நிபுணர் என்று ஒருவர் மட்டுமே இருந்த காலம் உண்டு. மட்டக்களப்பில் பணியாற்றிய உளநல மருத்துவ நிபுணர் மகேசன் கணேசன், ஒன்றும் இல்லாத இடத்தில் உளநல சேவையைக் கட்டியெழுப்பிய அனுபவத்தை 2011 இல் ஓர் ஆய்விதழில் எழுதினார். ஒரு நிபுணரால் எல்லா ஊரையும் பார்க்க முடியாது. ஆகவே ஊருக்குள் போய்வரக்கூடிய சாதாரண உத்தியோகத்தரையும் களப்பணியாளரையும் பயிற்றித்தான் இங்கே சேவை வளர்ந்தது. இன்றைக்கும் அதிகமான வேலை அவர்களிடம்தான் இருக்கிறது. உங்களுக்கான இடமும் பெரும்பாலும் அங்கேதான்.

அந்த வேலை எங்கே கிடைக்கும்? முதலில் பிரதேச செயலகத்தைப் பாருங்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகங்கள் உள்ளன. அவற்றில் உளவளத்துணை உத்தியோகத்தர் (ஒருவர் பேசுவதைக் கவனமாகக் கேட்டு, அவரே வழி காண உதவுபவர்), சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர் என்று பல பதவிகள் உண்டு. இவை உளவியல் பட்டதாரிக்கு மட்டும் ஒதுக்கியவை அல்ல. சமூகவியல், சமூகப்பணி படித்தவர்களும் வருவார்கள். வேலையில் உட்கார்ந்தபின் உங்கள் படிப்பின் பலன் தெரியும்.

சிறுவர் பக்கம் மனம் போகிறதா? 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு மாவட்டங்களிலும் உத்தியோகத்தர் இருக்கிறார்கள். 1929 என்ற இலக்கத்துக்கு வரும் முறைப்பாடுகள் அவர்களிடம் போகும். மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் நன்னடத்தை உத்தியோகத்தர் பதவி உண்டு. பிள்ளையின் நிலை பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவது அவர் பொறுப்பு. அந்த அறிக்கையின் ஒரு பந்தி, பிள்ளை வீட்டுக்குப் போவதா இல்லத்துக்குப் போவதா என்பதையே மாற்றிவிடலாம். நன்றாக எழுதத் தெரிந்த உளவியல் பட்டதாரி அங்கே தேவை.

இந்தப் பதவிகளுக்கு எப்படிப் போவது? போட்டிப் பரீட்சையும் நேர்முகமும்தான். வெள்ளிதோறும் வரும் அரச வர்த்தமானியையும், மாகாண அரச சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களையும் நீங்களே பாருங்கள். யாராவது சொல்வார்கள் என்று இருந்தால் முடிவுத் திகதி போய்விடும். வயதெல்லையைக் கவனமாக வாசியுங்கள், அது பதவிக்குப் பதவி வேறுபடும். சேவைக்குள் போனபின் இரண்டாம் அரச கரும மொழியில், அதாவது எங்களுக்குச் சிங்களத்தில், தேர்ச்சி காட்ட வேண்டும். அதை இப்போதே தொடங்கினால் பின்னர் சம்பள ஏற்றம் தடைப்படாது.

"பட்டதாரி நியமனம் மொத்தமாகக் குடுப்பாங்கள்தானே, காத்திருந்தால் போதாதா?" என்று கேட்பவர் பலர். 2017 இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் நாட்கணக்காகப் போராடியதை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 இல் ஐம்பதாயிரம் பட்டதாரிகளைச் சேர்க்கும் திட்டம் வந்தது. 2022 இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபின் அப்படியான வாய்ப்புகள் சுருங்கின. அத்தோடு, மொத்த நியமனத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் போனவருக்கு எந்த மேசை கிடைக்கும் என்று சொல்லமுடியாது. உளவியல் படித்தவர் காணிப் பகுதியில் கோப்பு அடுக்கவும் நேரலாம். காத்திருப்பதை ஒரு தொழில் திட்டமாக நினைக்காதீர்கள்.

சரி, வேலை கிடைத்துவிட்டது. ஒரு நாள் எப்படி இருக்கும்? கதிரையில் இருந்து ஆட்கள் வரும்வரை பார்த்திருக்கும் நாள் குறைவு. மோட்டார் சைக்கிளில் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போவீர்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைக்குப் போவது இலகு. மண்டூருக்குக் குருமண்வெளியில் படகுப் பாதை ஏறலாம். கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான், நுண்கடன் கட்டமுடியவில்லை, தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போய்விட்டதால் பிள்ளை பள்ளிக்கூடம் போவதில்லை என்று கதைகள் வரும். ஆட்கள் 'மனச்சோர்வு' என்று சொல்ல மாட்டார்கள். "ஒரே யோசினையாக் கிடக்கு", "நெஞ்சுக்குள்ள எரியுது", "நித்திர இல்ல" என்பார்கள். அதற்குள் இருப்பதைக் கேட்டறிவதே உங்கள் வேலை.

பாடப்புத்தகம் இங்கே எவ்வளவு உதவும்? பாதிக்குத்தான். ஓர் உதாரணம். மற்ற இடத்துப் புத்தகங்களில் மருமகள் மாமியார் வீட்டில் படும் பாடுதான் குடும்பச் சிக்கலாக வரும். எங்கள் பக்கம் தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகிறது. கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். சண்டை வந்தால் வீட்டைவிட்டு யார் போவது, பிள்ளைகளை யார் பார்ப்பது, எந்தப் பெரியவரின் சொல் செல்லும் என்பவை எல்லாம் இதனால் மாறும். இதைப் புரிந்தவர்தான் இங்கே குடும்பத்துக்குள் பேசமுடியும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், நீதிமன்றம் குடும்பத்தை உளவளத்துணைக்கு அனுப்பவும் இடம் தருகிறது. அடிவாங்கிய பெண்ணைச் சமாதானம் செய்து திருப்பி அனுப்புவது உளவளத்துணை ஆகாது. அவளுடைய பாதுகாப்பு முதலில்.

கோயிலுக்கும் பரிகாரியிடமும் போகிறவரைத் தடுக்கவேண்டுமா? தேவையில்லை. போர்க்காலத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்பவர்களிடம் போனதை, மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் இங்கே இருந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அழுவதற்கு வேறு இடம் இல்லாத காலத்தில் அது அவர்களுக்கு ஆறுதலாக இருந்தது. சடங்குக்கும் போகட்டும், கிளினிக்குக்கும் வரட்டும். ஆனால் அடித்தோ கட்டிவைத்தோ பேயோட்டுவதாகத் தெரிந்தால், அல்லது மருந்தை நிறுத்தச் சொன்னால், அங்கே நீங்கள் உறுதியாகத் தலையிட வேண்டும்.

சின்ன ஊரில் இரகசியம் காப்பது எப்படி என்ற பயம் உங்களுக்கு வரும். நியாயமான பயம். வருகிறவர் உங்கள் மச்சாளாகவோ, படிப்பித்த சேராகவோ இருப்பார். நெருங்கிய உறவென்றால் வேறு உத்தியோகத்தரிடம் அனுப்புங்கள். கதவு சாத்தக்கூடிய அறையைக் கேட்டுப் பெறுங்கள். சந்தையில் கண்டால் அவர் முகம் பார்த்துச் சிரிக்கும்வரை நீங்கள் தெரிந்ததாகக் காட்டவேண்டாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: உயிருக்கு ஆபத்து என்றாலோ, ஒரு பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடக்கிறது என்றாலோ, அதை மறைத்துவைக்க முடியாது.

பாடசாலை பற்றி? மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. பாடசாலைகளில் வழிகாட்டல் ஆலோசனைக்கு ஆசிரியர் உண்டு. ஆனால் எங்கள் உயர்தரத்தில் உளவியல் தனிப்பாடம் இல்லாததால், பட்டதாரி ஆசிரியர் நியமனம் பெரும்பாலும் உங்கள் பட்டத்தின் மற்றப் பாடத்தை வைத்தே வரும். பட்டத்தில் தமிழ், புவியியல், ஆங்கிலம் போன்ற ஒன்றைச் சேர்த்துப் படித்தவருக்கு இங்கே வசதி. உள்ளே போனபின் ஆலோசனைப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பயந்து வயிறு நோகும் பத்து வயதுப் பிள்ளையை முதலில் காண்பவர் ஆசிரியர்தான்.

அரசசார்பற்ற நிறுவனங்களில் வேலை உறுதியா? உறுதியில்லை. சுனாமிக்குப் பின் எத்தனையோ நிறுவனங்கள் வந்தன, திட்டப் பணம் முடிந்ததும் போய்விட்டன. ஒப்பந்தம் ஓராண்டு, ஈராண்டுதான். ஆனாலும் கற்றுக்கொள்ள அங்கே நிறைய இருக்கிறது. போரின் நடுவில் 1996 இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்திக் களிமண்ணாலும் கதையாலும் நாடகத்தாலும் மனக்காயம் ஆற்றியது. அருட்தந்தை போல் சற்குணநாயகம் அதில் பெரும்பங்கு வகித்தார். சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இடம்பெயர்ந்த பெண்களோடு தொடங்கி இன்றும் நிற்கிறது. இப்படி ஊரில் வேரூன்றிய அமைப்பில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தாலும், இரண்டு ஆண்டில் நீங்கள் வேறு ஆளாக வருவீர்கள்.

சுனாமிக் காலம் இன்னொன்றையும் காட்டியது. சில நாட் பயிற்சியோடு வந்தவர்கள் பிள்ளைகளை அலை வந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். அது தீங்கு செய்யலாம் என்று இன்றைய வழிகாட்டல்கள் சொல்கின்றன. 2007 இல் சர்வதேச அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அவசரகால உளசமூக உதவி வழிகாட்டி, முதலில் பாதுகாப்பு, சாப்பாடு, உறவினரோடு சேர்த்தல் ஆகியவற்றையே வலியுறுத்துகிறது. இதனால்தான் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை போட அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

பயிற்சியை எங்கே பெறுவது? சீதுவையில் உள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் உளவளத்துணை டிப்ளோமாவும் சமூகப்பணிப் பட்டமும் தருகிறது. மட்டக்களப்பில் நிலையம் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் வேலைசெய்துகொண்டே மேலும் படிக்கலாம். எந்தப் பயிற்சியில் சேருமுன்பும் ஒன்று கேளுங்கள்: உண்மையான ஆட்களோடு வேலை செய்யவிட்டு, அதை மூத்த ஒருவர் மேற்பார்வை செய்வாரா? இல்லை என்றால் சான்றிதழ் எவ்வளவு அழகாக இருந்தாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

தனியார் துறையில் மனிதவளப் பிரிவும் உண்டு. ஆடைத் தொழிற்சாலை, வங்கி, காப்புறுதி நிறுவனங்களில் ஆட்சேர்ப்பு, பயிற்சி வேலைகள் கிடைக்கும். மனிதவள டிப்ளோமாவும் ஆங்கிலமும் கூடவே வேண்டும். வெளிநாடு என்றால், பிரித்தானியாவில் மருத்துவ உளவியலாளர் என்றோ அவுஸ்திரேலியாவில் உளவியலாளர் என்றோ தொழில் செய்ய அங்கத்தைய பதிவு வேண்டும். இங்கத்தைய முதற்பட்டம் அதற்கு நேரே செல்லாது, அங்கே மேற்படிப்பின் வாசல்தான்.

இன்னும் பல்கலைக்கழகத்தில் இருப்பவரா? அடுத்த விடுமுறையில் வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ, பிரதேச செயலகத்திலோ தொண்டராக நிற்க விண்ணப்பக் கடிதம் கொடுங்கள். ஒரு கொப்பி வைத்து, எந்தத் திகதியில் யாருடைய மேற்பார்வையில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள், ஆட்களின் பெயர் எழுதாமல். நேர்முகத்தில் அந்தக் கொப்பியைப் பற்றிப் பேச உங்களுக்கு நிறைய இருக்கும்.

கடைசியாக, உங்கள் மனம். இந்த மாவட்டத்தில் பிறந்த உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் இல்லாமல் போயிருக்கலாம். மற்றவர் கதையைக் கேட்கும்போது உங்கள் கதை எழும்பும். நித்திரை கெடுகிறது, ஆட்களைக் காணவே எரிச்சலாக இருக்கிறது என்றால், மேற்பார்வையாளரிடம் சொல்லி நாலு நாள் விலகி இருங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு நீங்களும் எடுக்கலாம். அந்த இலக்கம் உங்களிடம் வருகிறவர்களுக்கு மட்டும் உரியதல்ல.