வாத்து நனையாது, படம் நனையும்!

குட்டி விஞ்ஞானிகளே! உங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் என்ன இருக்கிறது? கண்ணாடி, சோப்புப் பெட்டி, அவ்வளவுதானே? அங்கே நீர்ப்பறவைப் படங்களை மாட்டிப் பார்ப்போமா?

படத்துக்கு ரொம்பத் தூரம் போக வேண்டாம். ஆண்டிபட்டி பக்கத்தில் வைகை அணை இருக்கிறது. 1959-இல் திறந்த அணை. 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். காலையில் போனால் புள்ளிமூக்கு வாத்து நீந்தும். பட்ட மரத்தில் நீர்க்காகம் சிறகை விரித்து நிற்கும். இரண்டையும் படம் எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டுமே தண்ணீரில் வாழ்பவை. நீர்க்காகம் மட்டும் ஏன் சிறகைக் காயப்போடுகிறது? உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்ததா? சபாஷ்!

கீழே கிடக்கும் கோழி இறகு ஒன்றை எடுங்கள். அதன் இழைகளை விரலால் பிரியுங்கள். இப்போது நீவிவிடுங்கள். மறுபடி ஒட்டிக்கொண்டதா? இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. புத்தகப் பையின் ஜிப் மாதிரி கோத்துக்கொள்ளும். வாத்தின் இறகில் இந்தப் பின்னல் நெருக்கமானது. உள்ளே காற்று தங்கும், தண்ணீர் நுழையாது. வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்துப் பூசி, இறகைப் பதமாக வைத்துக்கொள்ளும்.

நீர்க்காகத்தின் இறகில் ஓரப் பகுதி நனைந்துவிடும். குறை என்று நினைக்காதீர்கள்! காற்று குறைந்தால் மிதப்பதும் குறையும். மீனைத் துரத்தி முங்குவது சுலபம். இறகு நனைவதால்தான் கரையேறியதும் வெயிலில் காய்கிறது. புரிந்ததா?

சரி, நம் படத்துக்கு வருவோம். மார்கழிக் காலையில் வெந்நீரில் குளிக்கிறீர்கள். ஆவி குளிர்ந்த சுவரில் பட்டுத் துளியாகிறது. படத்தின் மேலும் அப்படித்தான். ஸ்டூடியோவில் கழுவித் தரும் படத்தில் ஜெலட்டின் பூச்சு உண்டு. அது தண்ணீரை உறிஞ்சி உப்பும், சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டும், பூஞ்சையும் பிடிக்கும். காகிதத்துக்குக் கொக்கியும் இல்லை, எண்ணெயும் இல்லை, பாவம்!

என்னைக் கேட்டால், படத்தை டைல்ஸில் பதித்துச் சூளையில் சுட்டுத் தரச் சொல்லுங்கள். ஆவி அதை ஒன்றும் செய்யாது. நீர்க்காகம் கறுப்பு வெள்ளையில் இருந்தால் இன்னும் அழகு. காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படங்களுக்காகவே பேர் பெற்றவர்.

ஒரே ஒரு வேண்டுகோள். பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெறியாதீர்கள். சிறகு காயாத நீர்க்காகம் பறக்கச் சிரமப்படும்.