புலி மஸ்கியும் பொய் இரையும்

நீருக்குள் வாழும் புலியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வட அமெரிக்க ஏரிகள் சிலவற்றில் அப்படி ஒரு மீன் உண்டு. வெளிறிய பச்சை உடலில் மேலிருந்து கீழாகக் கரிய கோடுகள். வாத்தின் அலகு போன்ற தட்டையான முகம். வாய் நிறையக் கூரிய பற்கள். இதுவே புலி மஸ்கி.

மஸ்கிலஞ்ச், வடபைக் என்னும் இரு மீனினங்களின் கலப்பில் பிறந்தது இது. குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதையைப் போல, இதுவும் பொதுவாக மலடு. இயற்கையில் எப்போதாவது தோன்றும்; பெரும்பாலும் மனிதரே பொரிப்பகங்களில் உண்டாக்கி ஏரியில் விடுகின்றனர். விரைவாக வளரும். 1919இல் விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களின் எல்லையிலுள்ள ஏரியில் பிடிபட்ட ஒரு மீன் சுமார் 23 கிலோ எடை இருந்தது.

இதை ஏன் வளர்க்கிறார்கள்? வாஷிங்டன் மாநிலத்தின் மேஃபீல்ட் ஏரி போன்ற இடங்களில், அளவுக்கு மீறிப் பெருகிய பைக்மின்னோ என்னும் மீனைத் தின்று குறைப்பதற்காக இதை விட்டனர். மலடாதலால் இதுவே பெருகித் தொல்லையாகிவிடும் என்ற அச்சம் இல்லை. ஆனால் மறுபக்கமும் உண்டு. செத்துப்போன மீனுக்கு ஈடாக ஏரியில் வேறொன்று பிறக்காது. ஆகவே இதைப் பிடிப்பதோடு, உயிருடன் திருப்பி விடுவதற்கும் சேர்த்தே தூண்டிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பதுங்கிப் பாயும் மீன்

புலி மஸ்கி இரையை நெடுந்தொலைவு துரத்துவதில்லை. நீர்ப்பாசிகளின் ஓரத்திலோ மூழ்கிய மரத்தின் அருகிலோ அசையாமல் நிற்கும். முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலை ஒட்டிப் பின்தள்ளி அமைந்திருக்கின்றன. உடலை 'எஸ்' எழுத்துப்போல் வளைத்து உதறும்போது இவை எல்லாம் ஒருசேர நீரைத் தள்ள, மீன் அம்புபோல் பாய்கிறது. எனவே நடு ஏரியில் தூண்டில் வீசிப் பெரும்பயன் இல்லை. பாசித் திட்டின் விளிம்பை ஒட்டி இரை செல்லுமாறு வீச வேண்டும்.

இரையை எப்படி அறிகிறது?

இரண்டு புலன்கள் முக்கியமானவை. ஒன்று கண். மற்றொன்று, உடலின் இருபுறமும் நீளும் பக்கக்கோடு. அருகில் நீந்தும் மீன் எழுப்பும் நீர் அதிர்வை இது உணர்கிறது. பொய் இரைகள் எல்லாம் இவ்விரு புலன்களையும் ஏமாற்றச் செய்யப்பட்டவையே.

சுழல்தகடு இரையில், ஒரு கம்பியைச் சுற்றி உலோகத் தகடு சுழலும். பின்னால் மயிர்க்குஞ்சம் இருக்கும். அகன்ற தகடு நீரை மெதுவாகவும் பலமாகவும் அதிரச் செய்யும். கலங்கிய நீரில் கண் பயன்படாதபோது இதுவே ஏற்றது. பளிச்சென்ற மஞ்சள்பச்சை அல்லது ஆரஞ்சு நிறம் இருந்தால் மேலும் நல்லது. தெளிந்த நீரில் குறுகிய தகடும், அந்த ஏரி மீன்களின் இயற்கை நிறமும் போதும். சிவப்பு ஒளியை நீர் விரைவில் உறிஞ்சிவிடுவதால், ஆழம் செல்லச் செல்லச் சிவப்பு இரை கருமையாகத் தோன்றும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அந்தி நேரத்தில் நீர்ப்பரப்பில் சலசலத்துச் செல்லும் கரிய இரை பலன் தரும். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு, வெளிறிய வானத்தின் முன் அது தெளிவான நிழலுருவாகத் தெரிகிறதல்லவா?

மீன் குளிர்ரத்தப் பிராணி. நீர் குளிர்ந்தால் அதன் உடலின் வேகமும் குறையும். வசந்தத்தின் தொடக்கத்திலும் இலையுதிர் காலத்தின் முடிவிலும், இழுத்து இழுத்து நிறுத்தும் மர இரையையோ ரப்பர் இரையையோ மெதுவாக இயக்க வேண்டும். கோடையில் சுழல்தகட்டை வேகமாக இழுக்கலாம்.

எட்டுப் போடுதல்

இந்த மீனுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. இரையைக் கவ்வாமலே படகுவரை பின்தொடர்ந்து வரும். அப்போது இரையை வெளியே எடுத்துவிட்டால் ஏமாற்றமே. கோலின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, இரையைப் பெரிய '8' வடிவில் சுற்ற வேண்டும். திடீரெனத் திசை மாறும் இரை, தப்பி ஓடும் மீனைப்போல் தோன்றுவதால் புலி மஸ்கி பாய்ந்து கவ்வும். வளைவுகள் அகலமாக இருக்கட்டும். நீண்ட உடலுடைய மீன் குறுகிய வளைவில் திரும்ப இயலாது. எட்டு, ஒன்பது அடி நீளக் கோல் இதற்கு வசதி.

பிடித்தபின்

பற்கள் சாதாரண நூலை அறுத்துவிடும். ஆகவே இரைக்கு முன்னால் ஓர் அடி அளவுக்கு எஃகுக் கம்பி வேண்டும். அதற்குப் பின் 30 கிலோவுக்கு மேல் தாங்கும் பின்னல் நூல் தேவை. மெல்லிய நூலில் நெடுநேரம் போராடிக் களைத்த மீன், விடுதலையான பிறகும் இறந்துபோகலாம்.

வெப்பமும் பகைதான். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும்; 27 டிகிரியில் சுமார் 8 மில்லிகிராம்தான். உழைத்துக் களைத்த மீனுக்கு மூச்சு மிகுதியாகத் தேவைப்படும் வேளையில் நீரில் காற்று குறைவு! எனவே நீர் 27 டிகிரியை நெருங்கினால் அறிந்தவர்கள் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள்.

உயிர் இரையை மீன் வயிறுவரை விழுங்கிவிடக்கூடும். ஓடும் பொய் இரையோ பெரும்பாலும் வாயிலேயே மாட்டும். முள்ளின் எதிர்க்கொக்கியை நசுக்கிவிட்டால் கழற்றுவதும் எளிது. ரப்பர் பூசிய பெரிய வலையில் மீனை நீருக்குள்ளேயே வைத்து, நீண்ட குறட்டால் முள்ளை நீக்க வேண்டும். தூக்க நேர்ந்தால் வயிற்றைத் தாங்கிக் கிடைமட்டமாகத் தூக்க வேண்டும்.

வாஷிங்டன் மாநிலத்தில் 50 அங்குலத்துக்குக் குறைந்த புலி மஸ்கியை எடுத்துச் செல்லக் கூடாது என்பது விதி. நீருக்குள் நிமிர்த்திப் பிடித்திருக்கும்போது, சிறிது நேரத்தில் செவுள்கள் சீராக அசையும். வால் ஒருமுறை உதறும். மீன் கையைவிட்டு நழுவிப் பாசிக்குள் மறையும். வேட்டை அங்கேதான் முழுமையாக முடிகிறது.