எந்தக் கருவிக்கு முதலிடம்?

மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தி ஒரு சிறு பந்தயக் கார் செய்ய முடியுமா? முடியும். 2019-இல் கோவை கரி மோட்டார் பந்தயத் திடலில் நடந்த ஃபார்முலா பாரத் போட்டியில் கல்லூரி மாணவர்கள் இத்தகைய கார்களை ஓட்டினார்கள். அதன் முகப்புப் பலகையில் எந்தக் கருவியை முதலில் பொருத்துவீர்கள்? வேகமானியையா? சற்றுப் பொறுங்கள்!

இண்டூர் செல்லும் பேருந்தில் பாதி நீருள்ள புட்டியைக் கையில் பிடித்துப் பாருங்கள். வளைவில் நீர் வெளிப்புறமாக ஏறும். எஞ்சினின் அடித்தொட்டியிலுள்ள எண்ணெயும் அப்படித்தான். மோட்டார் சைக்கிள் வளைவில் உட்புறம் சாய்வதால் எண்ணெய் தொட்டியின் நடுவிலேயே இருக்கும். கார் அவ்வாறு சாய்வதில்லை.

10 மீட்டர் ஆரமுள்ள வளைவில், மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கார் திரும்புகிறது. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும் முடுக்கம் 10. இது ஏறக்குறையப் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமம். எனவே எண்ணெயின் மேற்பரப்பு சுமார் 45 டிகிரி சாயும்! பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். உலோகத்தோடு உலோகம் உராய்ந்து எஞ்சின் பாழாகும்.

ஆகவே முதலிடம் எண்ணெய் அழுத்தமானிக்கே. முள்ளோடு ஒரு சிவப்பு விளக்கும் வேண்டும். ஏன்? முள்ளை ஒரு வினாடி உற்றுப் பார்ப்பதற்குள் கார் 10 மீட்டர் ஓடிவிடும். விளக்கோ சாலையை நோக்கும் கண்ணிலும் படும். அடுத்த இடங்கள் வெப்பமானிக்கும் சுழற்சிமானிக்கும்.

வேகமானி சக்கரச் சுற்றுகளை எண்ணுவது. சக்கரத்தின் அளவை மாற்றினால் அது காட்டும் வேகம் தவறாகுமே! எவ்வளவு தவறாகும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.